மாரி முடிக்காத நேர்த்திக்கடன்

மதினி,

இன்று பிரஸ்ஸுக்குப் போகிற பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆடி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கலந்த வாடை ஜன்னல் வழியே குப்பென்று உள்ளே வந்தது. பக்கத்து சீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கோ உங்கள் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போனவர் மேல் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள், படுகிறேன். வேலையிலும் மனசு நிற்கவில்லை. காலண்டர் தாளைத் தலைகீழாக அடுக்கி வைத்து சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது சாப்பாட்டு நேரம், சோற்றை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கம்பெனி வேனில் இருந்து நீங்கள் இறங்குவதற்கு முன்பே உங்கள் வாசலில் பிள்ளைகள் கூடிவிடும். பகலெல்லாம் பட்டாசுப் பெட்டி ஒட்டிய கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, தலையைக்கூட வாராமல் வந்து உட்காருவீர்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் நீங்கள். ஆனாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எது முடியாது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. "அடுத்தவன்கூடப் போட்டி கெடையாதுலே. நேத்து உன்னால முடியாதத இன்னைக்கு நீ செய்யணும். அம்புட்டுத்தான்" என்பீர்கள்.

கிழக்குத் தெரு முத்துவுக்கு வரிக்குக் கீழே விரல் வைக்காமல் வாசிக்கத் தெரியாது. அவனுக்கு அதுதான் சவால். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். திக்கித் திக்கிப் பேசும் காளியம்மாள் பள்ளியில் வாயையே திறக்க மாட்டாள். "ஆட்டுக்கு வாசிச்சுக் காட்டுத்தா, அது சிரிக்காது" என்று அனுப்பினீர்கள். அவளும் தினமும் ஆட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு வாசித்தாள். கதை முடிந்த அன்று, "ஆடு புத்தகத்தையும் தின்னுருச்சு அத்தை" என்று கடைசித் தாளைப் பாதியாகக் கொண்டு வந்தாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் என் அண்ணன் தெருமுனைக் கடையில் இருந்து எழுந்து வந்து பார்த்தார்.

இதெல்லாம் சரிதான். ஆனால் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற பிள்ளைகளை மடக்க நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சவால் என்ற பேரை விட்டுவிட்டு நேர்த்திக்கடன் என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். இருக்கன்குடி ஆத்தாளை நினைத்து நேர்ந்துகொள்ள வேண்டும், நேர்ந்தால் முடிக்க வேண்டும், முடித்தவர்களை வருசத்தில் ஒருநாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஆற்று மணலில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வீர்கள். நம் ஊரில் நேர்த்திக்கடனைப் பாதியில் விட யாருக்குத் துணிச்சல் வரும்? பிள்ளைகள் பயபக்தியோடு படித்தன.

"படிப்பையும் சாமியையும் எதுக்கு மதினி ஒண்ணாக் கட்டுதீக?" என்று நான் கேட்டேன்.

"மொட்டை போடுறாக, தீச்சட்டி எடுக்காக. எம்பிள்ளைக ஒரு புத்தகம் வாசிச்சா ஆத்தா வேண்டாம்னா சொல்லப் போறா? நீ நாள் பூராம் காகிதத்த மடிக்கிற, ஒருநாளாச்சும் அதுல என்ன எழுதியிருக்குனு பாத்திருக்கியா?" என்று என் பக்கமே திருப்பினீர்கள்.

அப்புறம் உங்களுக்குக் கண் மஞ்சளடித்தது. சாதாரண காமாலை என்று கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டே வேலைக்குப் போனீர்கள். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஈரல் கெட்டுப்போயிருந்தது. உங்கள் மகள் மாரி என்னிடம்தான் இருந்தாள். விருதுநகர் புத்தகக் கண்காட்சியில் அவளுக்கு நீங்கள் வாங்கிக்கொடுத்த அந்தத் தடிப் புத்தகம், காணாமல் போன யானையைத் தேடிப் போகிற பெண்ணின் கதை, அதைக் கையிலிருந்து இறக்கவே இல்லை. சோறு தின்னும்போதும் வாசிப்பாள். புத்தகத்தை வைத்துவிட்டுத் தின்னு என்றால் முறைப்பாள். அம்மா நினைப்பை மறக்கப் படிக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டுக் கொடுத்த அன்று நீங்கள் அவளிடம் பேசியது எனக்கும் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினீர்கள். "வேகமா வாசி தாயி. நீ முடிக்கவும் நான் வரவும் சரியா இருக்கும்."

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், மதினி. ஆறுதலுக்குத்தான் சொன்னீர்கள். எந்தத் தாயும் சொல்வதுதான். ஆனால் நேர்ந்தால் முடிக்க வேண்டும் என்று நீங்களே பழக்கிவைத்த பிள்ளையிடம் அதைச் சொன்னீர்கள். அவள் முடிக்கும் முன்பே உங்களைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அதன்பிறகு மாரி எதையும் வாசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்கிறாள் என்று டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். உங்கள் வாசலில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நானும் உங்களைப்போலச் செய்து பார்த்தேன். கெஞ்சினேன், வைதேன், சேவு வாங்கிக் கொடுத்தேன், எளிதான சவாலாகச் சொன்னேன். "நீங்க சொல்லாதீக அத்தை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துக்கம் என்றால் ஆறும். இது ஆறவில்லை, நாளுக்கு நாள் இறுகியது. இந்தப் பிள்ளையை என்ன செய்வேன் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவளை இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனேன். ஆற்றைத் தாண்டும்வரை வந்தவள் மணலில் நின்றுவிட்டாள்.

"நான் கோயிலுக்குள்ள வரல அத்தை. நேத்திக்கடன் பாக்கி இருக்கு."

"என்ன நேத்திக்கடன்?"

"அம்மா வாறதுக்குள்ள புத்தகத்த முடிக்கிறேன்னு நேந்திருந்தேன். முடிக்கல. நான் வேகமா வாசிச்சிருந்தா அம்மா இருந்திருக்கும்லா?"

இத்தனை நாளும் இதைச் சுமந்துகொண்டா இந்தப் பிள்ளை என் பக்கத்தில் படுத்திருந்தாள்? நைச்சியமாகப் பேச எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும்.

"உங்கம்மா ஈரல் கெட்டுச் செத்தா. நீ வாசிச்சாலும் செத்திருப்பா, வாசிக்காட்டியும் செத்திருப்பா."

"அம்மாதான் சொல்லுச்சு."

"உங்கம்மா சொன்னது தப்பு."

என் கையில் ஓங்கி அடித்தாள், மதினி. "எங்கம்மாவ அப்படிச் சொல்லாதீக" என்று அடித்தாள். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு என் மடியில் விழுந்து அழுதாள். உங்களைத் தூக்கிய அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. பொங்கல் வைக்க வந்தவர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கோயிலுக்குள் போகாமலே பஸ் ஏறிவிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது உங்கள் வாசலில் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். முதல் பக்கம் விரிந்திருந்தது. ஏதாவது பேசினால் மூடிவிடுவாளோ என்று பயம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"விட்ட எடத்துல இருந்து வாசிக்கலாம்ல தாயி?"

"அப்ப ஓட்டமா வாசிச்சேன் அத்தை. ஒண்ணுமே மனசுல நிக்கல. யானையத் தேடிப் போற புள்ள பேருகூடத் தெரியல."

உங்களைத் தப்பு என்று உங்கள் மகளிடம் சொன்னவள் நான்தான். அது என் நெஞ்சில் கிடக்கிறது, கிடக்கட்டும். அவள் நம்பினாளா என்பதும் தெரியவில்லை. அன்று நிறுத்திய பக்கம் வரும்போது என்ன செய்வாளோ என்று தினமும் உங்கள் அடுப்படியில் நின்று எட்டிப் பார்க்கிறேன். ஒரு பக்கம் வாசிக்கிறாள், நிறுத்துகிறாள், தெருவைப் பார்க்கிறாள், மறுபடி அதே பக்கத்தை வாசிக்கிறாள். மெதுவாகத்தான் போகிறாள். நானும் அவசரப்படுத்தவில்லை. அவள் முடிப்பதற்குள் இனி யாரும் வந்து சேர வேண்டியதில்லையே, மதினி.