வேம்பாரில் பிரஷர் முகாம்

செவ்வாய், இரவு.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வேம்பார் மீனவர்களுக்கான இரத்த அழுத்த முகாமை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் வைக்கலாம் என்று எத்தனை முறை சொன்னேன்! அன்றைக்குத்தான் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். ஊழியர்களுக்கு லீவு என்று சொல்லி, என் மேலதிகாரி இன்றைக்கு வைக்கச் சொன்னார்.

பந்தல் முழுக்கக் காலி நாற்காலிகள். மீன் விற்கப் போன செலின் அக்கா நின்று சிரித்தார். "ஆம்பளையள்லாம் கடல்ல கெடக்காவ, டாக்டரம்மா. நாற்காலிக்கா பிரஷர் பாக்கப் போறீய?"

மேலதிகாரி காரில் வந்து இறங்கினார். "இந்த ஜனங்களுக்கு விழிப்புணர்வே இல்ல" என்று என்னிடம் கத்தினார். பிறகு, போட்டோவுக்கு ஆள் வேண்டுமே என்று தானே உட்கார்ந்து கையை நீட்டினார். பட்டையைக் கையில் சுற்றி பிரஷர் பார்த்தேன். எகிறிக் கிடந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தேன். அதேதான்.

"மெஷின் சரியில்லம்மா" என்றார்.

நர்ஸுக்கும் எனக்கும் பார்த்துக் காட்டினேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதை நாற்காலியிலேயே போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

விழிப்புணர்வாம், பெரிய விழிப்புணர்வு.