வடக்கு வாசல் காவலனைக் கொல்ல ஒரு வேண்டுகோள்

ஹெங்தியான்
ஆகஸ்ட் 6

பெய்ஜிங்கில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மருமகள் லிங்ஷுவுக்கு,

உன் தாய்மாமன் பாவ்ஷெங் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் சௌக்கியம். நீ இளைத்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் அழுதாள். என் அக்கா எதற்கும் அழுவாள், இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

எதற்குக் கடிதம் என்று கேட்பாய். படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழையும்போதே கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள், கதை கசிந்துவிடுமாம். அறைக்குத் திரும்பினால் எட்டுப் பேர். இது எட்டுப் பேருக்குக் கேட்கக்கூடாத விஷயம். அதனால் பழைய வசனத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். ஆறாம் வகுப்பில் பதினொரு நாள் உட்கார்ந்திருக்கிறேன், கேட்டுப் பார்.

நீ எழுதும் தொடரைப் பற்றித்தான் இங்கே செட் அரண்மனை முழுக்கப் பேச்சு. முதல் எபிசோடில் எல்லார் காலிலும் விழுகிற அந்தத் தையல்காரப் பெண் யுன்ஹே, இருபதாவதில் பட்டத்தரசியின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறாளே, அங்கே எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பாத்திரம் வளர்வது என்றால் அதுதான். நேற்று இயக்குநர் என் தோளில் கைவைத்து, பாவ்ஷெங், உங்கள் முதுகு வளைவில் ஒரு ராஜவம்சமே தெரிகிறது என்றார். சரியாகச் சொன்னால், கேமராவை மறைக்கிறீர்கள், நகருங்கள் என்றார். மற்றது அவர் கண்ணில் தெரிந்தது.

ஆனால் அந்த அரண்மனை வைத்தியனை எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது எபிசோடாக யுன்ஹேவுக்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டு வந்து கொடுக்கிறான், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தளத்தில் பெண்கள் எல்லாம் கண்ணைத் துடைக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வாயில் என்ன கொழுக்கட்டையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருடத்தில் நான் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை செத்திருக்கிறேன். அம்பு, வாள், விஷம், யானை. யானை வரவில்லை, தூசி வந்தது, இருந்தாலும் செத்தேன். பிணமாகப் படுத்தவனுக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள், அதை அன்றைக்கே, வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன் செலவழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பீடை கூடவே வரும் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். இனிப்பாக வாங்க வேண்டும். துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். அந்தத் துணை, ஒப்பனைக் கொட்டகையில் பொய்முடியும் தாடியும் ஒட்டுகிற தெங் டீச்சர். இங்கே தேநீர் ஊற்றுகிறவரைக்கூட டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம், ஆனால் அவரை அப்படிக் கூப்பிடும்போது எனக்கு நாக்கு கொஞ்சம் நேராக நிற்கும். கோடையில் கற்கண்டு போட்ட பச்சைப்பயறுக் கஞ்சி, குளிர்காலத்தில் எள்ளுருண்டை போட்ட சூடான சூப். இரண்டு கிண்ணம். கொட்டகைப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இன்று யார் செத்தது என்று கேட்பார், சொல்லுவேன். அவ்வளவுதான்.

இப்போது நீ பெரிய மனது பண்ணி எனக்கு வடக்கு வாசல் காவலன் வேடம் வாங்கிக் கொடுத்துவிட்டாய். வசனமும் உண்டு. "கதவடைக்கும் நேரம், சீமாட்டி." இதையே பதினான்கு இடத்தில் சொல்லுகிறேன், பதினான்கும் பதினான்கு விதம். ஆனால் வசனம் பேசியவன் முகம் தெரிந்த ஆள், வேறு தளத்தில் பிணமாகப் படுக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இந்தத் தொடரிலோ காவலன் நாற்பது எபிசோடும் கல்லுக்குண்டாக நிற்கிறான். மூன்று வாரமாக நான் சாகவில்லை. தெங் டீச்சர்தான் தினமும் காலையில் எனக்குத் தாடி ஒட்டுகிறார், அதனால் அன்றைக்கு நான் எந்தக் காட்சியில் உயிரோடு நிற்கிறேன் என்று அவருக்கு அத்துப்படி. பொய் சொல்லவும் வழியில்லை.

அவர் ஆகஸ்ட் 28-ஆம் தேதி ரயிலில் லான்ஜோவுக்குப் போகிறார். மகளுக்குப் பிரசவம். அங்கேயே தங்கிவிடுவாராம், பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. அதற்குள் ஒரு பேச்சு இருக்கிறது. அதற்கு ஒரு கிண்ணம் வேண்டும், கிண்ணத்துக்கு ஒரு சாவு வேண்டும்.

முப்பத்தோராவது எபிசோடு இருபதாம் தேதி எடுக்கிறார்கள். அதில் கலகக்காரர்கள் வாசலை உடைக்கிறார்களே, அங்கே என்னைக் கொன்றுவிடு கண்ணு. ஒரு ஈட்டி போதும். பெரிதாக எதுவும் கேட்கவில்லை.

மாமன்,
பாவ்ஷெங்

*

ஹெங்தியான்
ஆகஸ்ட் 17

அன்பான லிங்ஷு,

உன் பதில் கிடைத்தது. நான்கு தடவை படித்தேன். இரண்டு தடவை புரியாமல், இரண்டு தடவை புரிந்து.

முடியாது என்று எழுதிவிட்டாய். நாற்பது எபிசோடும் தலைகுனிந்தே நிற்கிற ஆள் கடைசியில் ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக் கதவைத் திறக்க வேண்டுமாம், அவன் செத்துவிட்டால் யுன்ஹே எப்படி வெளியே போவாள் என்று கேட்கிறாய். கலகக்காரன் உடைத்த கதவுதானே, சந்து வழியாகப் போகட்டுமே என்று பதில் எழுத உட்கார்ந்தேன், பிறகு எனக்கே கேவலமாக இருந்தது.

அதற்குக் கீழே எழுதியிருந்தாயே, அதுதான் என்னை ஒரு இடத்தில் உட்கார விடவில்லை. "அந்த வைத்தியரை நான் எங்கேருந்து எடுத்தேன்னு நினைக்கிறீங்க மாமா? மூணு வருஷம் முன்னாடி புத்தாண்டுக்கு வந்தப்ப, மார்பில அம்பு குத்தின ஒரு பிணம் ரெண்டு கையிலயும் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு சொட்டு சிந்தாம, அரண்மனை முற்றத்தைக் கடந்து போச்சு. அதைப் பாத்துதான் எழுதினேன்."

அந்த அம்பு நிஜமாகவே நன்றாகக் குத்தியிருந்தது, கழற்ற நேரமில்லை. அது போகட்டும். அப்படியானால் வைத்தியன் கடைசியில் பேசுகிறானா இல்லையா? அதைச் சொல்லாமல், யுன்ஹே யாருக்காகவும் காத்திருக்க மாட்டாள், தன் காலால் நடந்து வெளியே போவாள், அதற்காகத்தான் அவள் நாற்பது எபிசோடு வளர்ந்தாள் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அப்போது அவன் கிண்ணத்தோடு நிற்கிறானா? எத்தனை நேரம் நிற்கிறான்? இதையெல்லாம் யோசித்து எழுதினாயா இல்லையா?

மூன்று நாளாக எனக்கு நிலை கொள்ளவில்லை. காட்சிக்குக் காட்சி நடுவில் தெற்கு வாசலிலிருந்து வடக்கு வாசல் வரை நடக்கிறேன். இந்த வெயிலில் குளிர்காலக் காட்சி எடுக்கிறார்கள், மேலே நரித்தோல் அங்கி, வியர்வையில் தாடியின் பசை இளகுகிறது. தெங் டீச்சர் நாளுக்கு நான்கு தடவை வந்து ஒட்டுகிறார். முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் முகம். வாய் திறக்கலாம். ஆனால் பசை காயும்வரை உதட்டை அசைக்கக்கூடாது என்பது அவர் சட்டம். காய்ந்ததும் அடுத்த தாடிக்குப் போய்விடுகிறார்.

அறையில் என் பக்கத்துக் கட்டில் மாவ் இருக்கிறானே, பிணமாகப் படுத்து நிஜமாகவே குறட்டை விட்டு மாட்டிக்கொண்டவன், அவனிடம் வேறு வழியில்லாமல் சொன்னேன். உன் உறையைக் கொடு, நான் செத்ததாக வைத்துக்கொள்கிறேன் என்றேன். கட்டிலில் உருண்டு சிரித்தான். "யோவ், சாக முடியலயேன்னு தவிக்கிற ஆளை இப்பத்தான்யா பாக்கறேன். கஞ்சி என்ன பிணத்துக்குத்தான் விப்பேன்னு எவனாவது போர்டு வெச்சிருக்கானா?" என்றான். படிக்காத பயல். ஆனால் அன்றிரவு முழுவதும் எனக்கு அது காதிலேயே நின்றது.

இந்த ஊரில் என்னைத் தெரியாதவன் இல்லை. மூன்று பேரரசர்களுக்கு உயிரைக் கொடுத்திருக்கிறேன். யாரிடமும் எதையும் பேசுவேன். செத்த பிறகுதான் எனக்கு அவரிடம் பேச்சு வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. உயிரோடு போய் நின்றால் என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால்? முழங்கால் இருக்கிறது.

பதினோரு நாள்தான் பாக்கி. ஈட்டி வேண்டாம், சின்னக் கத்தியாவது பார்.

மாமன்

*

ஹெங்தியான்
ஆகஸ்ட் 29

என் கண்ணான லிங்ஷு,

தெங் டீச்சர் நேற்றுக் காலை ரயிலில் போய்விட்டார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ அடிப்பகுதிக்குத் தாவிப் போய்ப் பார்ப்பாய், உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

முந்தாநாள் உன் நாற்பதாவது எபிசோடு எடுத்தார்கள். காகிதப் பனி கொட்டுகிறது, யுன்ஹே சாதாரணப் பருத்தி அங்கியில் கைமூட்டையோடு வருகிறாள். நான் குனிந்து நிற்கிறேன். அவள் பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, "கதவு திறந்திருக்கிறது" என்று சொல்ல வேண்டும். ஒரே தடவையில் முடித்தேன், தளமே கை தட்டியது.

இல்லை. உனக்குப் படம் வந்துவிடும், நீயே பார்ப்பாய். ஆறு தடவை முடியவில்லை. கழுத்து நிமிரவே மாட்டேன் என்றது. வருடக்கணக்கில் குனிந்தும் படுத்தும் பழகிய கழுத்து. ஒரு தடவை யுன்ஹேவின் செருப்பிடம் வசனம் சொன்னேன். இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டார். உதவி இயக்குநர், வேறு ஆளைப் பார்க்கலாமா என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அப்போது தெங் டீச்சர் பசைக் கிண்ணத்தோடு வந்தார். தாடியில் ஒன்றும் இளகவில்லை, எனக்குத் தெரியும். சும்மா தூரிகையால் தாடை ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார். "நிமிர்ந்தா விழுந்துடும்னு பயமா?" என்று மெதுவாகக் கேட்டார். "நான் ஒட்டினது, விழாது. நிமிருங்க."

ஏழாவது தடவை நிமிர்ந்தேன். எவரும் கை தட்டவில்லை. இயக்குநர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த காட்சி என்றார்.

தாடியைக்கூடக் கழற்றவில்லை லிங்ஷு. நரித்தோல் அங்கியோடு கிழக்கு வாசல் கடைக்குப் போய் இரண்டு கிண்ணம் பச்சைப்பயறுக் கஞ்சி வாங்கினேன். பாதி வழியில் கொஞ்சம் சிந்தியது, அதை உன் கதையில் சேர்க்காதே. தெங் டீச்சர் சீப்புகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். எப்போதும் கேட்பதையே கேட்டார்.

"இன்னிக்கு யாரு செத்தது?"

"யாரும் சாகல," என்றேன். "உயிரோடதான் இருக்கேன். சும்மா வாங்கிட்டு வந்தேன்."

இதற்கு மேல் ஒரு பத்துப் பக்கம் நான் அழகாகப் பேசியதாக உனக்கு எழுதலாம், எழுதத் தெரியும். ஆனால் பேசியது ஒன்றுதான். "நீங்க போயிட்டா இந்த ஊர்ல எனக்குச் சாகக்கூடப் பிடிக்காது," என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மடத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது.

தெங் டீச்சர் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். துணைக்கு ஆள் வைத்துச் சாப்பிட வேண்டும் என்று ஒரு விதியே கிடையாது, வேலைக்கு வந்த முதல் மாதமே நான்கு பேரிடம் கேட்டுவிட்டேன் என்றார். அந்த விதி நானாகச் சேர்த்தது, உனக்கும் அப்படித்தான் எழுதினேன், மன்னித்துக்கொள். பிறகு, போன குளிர்காலத்தில் போர்க்காட்சி ஒன்றுகூட எடுக்கவில்லை, அப்போதும் வாரத்துக்கு மூன்று தடவை செத்தீர்களே, அதே கசங்கின சிவப்பு உறையைத்தானே ஒவ்வொரு தடவையும் காட்டினீர்கள் என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டில் நூற்று எழுபதுதான் நிஜமாம். கணக்கு அவரிடம் இருந்திருக்கிறது.

தெரிந்தும் ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"பசிச்சுது," என்றார்.

கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை வழித்துச் சாப்பிட்டார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார். "ஒரு நாளாவது சாகாம வருவீங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரயில் டிக்கெட் எடுத்தப்புறம் வர்றீங்க."

டிக்கெட்டை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. மகள் காத்திருக்கிறாள், போகத்தான் வேண்டும். யுன்ஹேவைப் போல அவரும் தன் காலால்தான் போனார், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையம் வரை பின்னால் போனேன். ரயில் பெட்டிப் படியில் ஏறி நின்றுகொண்டு, குழந்தைக்கு நூறாம் நாள் விருந்து டிசம்பரில் வரும், விருந்துக்கு வருகிறவர்கள் சிவப்பு உறை இல்லாமல் வரக்கூடாது என்றார். "புது உறை. கசங்காதது. உயிரோட இருக்கறவங்களுக்குக் கொடுக்கறது." விலாசத்தைத் தாடி ஒட்டும் மெல்லிய துணியில் எழுதி என் உள்ளங்கையில் வைத்தார்.

லான்ஜோவில் டிசம்பரில் எவ்வளவு குளிரும்? நரித்தோல் அங்கியைத் தளத்தில் கொடுக்க மாட்டார்கள். உன் அம்மாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே, அழுவாள்.

நீ நன்றாக இரு. சாப்பிடு. உனக்காக யாராவது கிண்ணம் தூக்கிக்கொண்டு வந்தால், யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

இன்னொன்று. முதல் கடிதத்தில் நான் கேட்டதைக் கிழித்துப் போட்டுவிடு. மேலதிகாரிகள் யாராவது, கடைசியில் ரத்தம் வேண்டும், காவலனைக் கொன்றால் அழுகை கூடும் என்று சொல்லிக்கொண்டு வந்தால் விட்டுக்கொடுத்துவிடாதே, கண்ணு. அவனுக்கு வேறு வசனம் எதுவும் வேண்டாம். அந்த வாசலிலேயே நிற்கட்டும். டிசம்பர் வரைக்குமாவது அவன் சாகக்கூடாது.

உயிரோடு இருக்கும் உன் மாமன்,
பாவ்ஷெங்