மேலதிகப் பிரதி

பலேர்மோ
08.09.2024

மகள் கேசிகாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கு சுகம். நீ சுகம் என்பதை நேற்று நீ அம்மாவோடு போனில் கதைத்தபோது சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அறிந்துகொண்டேன்.

இத்தாலிக்குத் திரும்பி வந்து பலேர்மோவில் கால் வைக்கும்வரை உன்னோடு கதைக்க மாட்டேன் என்று நீ விமானம் ஏறிய அன்று அம்மாவிடம் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அம்மா இதைக் கேட்டுச் சிரிக்கிறார், சிரிக்கட்டும். தம்பி யசிந்தன் இந்தத் தாளைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான்.

ஒரு சண்டையிலிருந்து தப்பி வந்து, முப்பது வருடம் இங்கே பொலிதேயாமாப் பகுதியில் அலுவலகங்கள் துடைத்து உன்னைப் படிப்பித்தேன். நீ படித்து முடித்துச் சோமாலியாவுக்குப் போனாய். எந்தத் தகப்பனுக்குக் கோபம் வராது? செய்தியில் மொகடிசு என்று கேட்டாலே அம்மா அடுப்பில் வைத்த சட்டியை மறந்துபோகிறார். இரண்டு சட்டி கருகிவிட்டது.

மார்ச்சில் வேலை முடிகிறதுதானே, வந்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
கோபம் ஆறாத அப்பா,
தவராசா

*

மொகடிசு
15.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ். பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்புங்கள், முன்பு செய்தது போல.

என் வேலை என்னவென்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மத்திய அரசும் மாநில அரசுகளும் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளின் தாள்களை ஒழுங்குபடுத்துவது. இங்கு ஒருகாலத்தில் இத்தாலியர் ஆட்சி நடந்ததால் வயதானவர்கள் பலருக்கு இத்தாலிய மொழி தெரியும், அதனால்தான் என்னை எடுத்தார்கள்.

முதல் நாள் அலுவலகத்துப் பெயர்ப்பலகைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். நீங்களும் மகேந்திரராசா மாமாவும் எங்கள் சாப்பாட்டு மேசையில் மணிக்கணக்காகச் சண்டை பிடிக்கும் அந்தச் சொல், சமஷ்டி என்ற கூட்டாட்சி, அதில் எழுதியிருந்தது. சோமாலியில், அரபியில், ஆங்கிலத்தில். அதற்குக் கீழே காவலாளி இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது வெறும் பலகை.

பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மணல்மூட்டைகளைத் தாண்டித்தான் உள்ளே போகிறோம். ஆனால் அடுத்த தெருவில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். ஒரு மாநிலத்தின் பரீட்சைச் சான்றிதழை இன்னொன்று ஏற்பதில்லை, அதனால் எல்லோருக்கும் ஒரே சான்றிதழ் என்று ஓர் உடன்படிக்கை அடுத்த மாதம் வருகிறது. தாள்கள் என் பொறுப்பு.

அப்பா, இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். உங்கள் வாயால் ‘ஓம்’ என்று கேட்காமல் கையெழுத்துப் போட எனக்கு மனம் இல்லை.

அன்பு மகள்,
கேசிகா

*

பலேர்மோ
22.09.2024

மகள் கேசிகாவுக்கு,

திருத்தங்கள் ஒன்பது. முன்பு இருபது இருக்கும்.

அந்தப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பு. காவலாளியும் அதில் இருக்கட்டும்.

1961இல் என் அப்பா அந்தச் சொல்லுக்காக யாழ்ப்பாணம் கச்சேரியில், அந்த அரச அலுவலக வாசலில், சத்தியாக்கிரகம் இருந்தவர். அடி வாங்கிய தழும்பு சாகும்வரை முதுகில் இருந்தது. ‘வாற தைக்குள்ளை சமஷ்டி வந்திடும்’ என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். நான் பிறக்கும் முன்னரே தமிழருக்கு அரசு எழுதித் தந்த ஓர் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது இன்னொன்று கைவிடப்பட்டது. வாசலில் பலகை போட்டு, கீழே இருந்து ஒருவன் தேநீர் குடிக்கும் அளவுக்கு அது ஒரு நாட்டில் சாதாரணமாக இருக்கிறது என்றால், என்னால் நம்ப முடியவில்லை பிள்ளை. உன் கடிதத்தை வேலைக்கும் கொண்டுபோனேன்.

ஆனாலும் சொல்கிறேன், கிழிப்பார்கள். கைச்சாத்திடும் நாளில் மேலதிகப் பிரதி ஒன்று கட்டாயம் கையோடு வைத்திரு. நாங்கள் அனுபவப்பட்டவர்கள்.

‘ஓம்’ சொல்ல மாட்டேன்.

அப்பா

*

மொகடிசு
22.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கிழித்துவிட்டார்கள்.

ஓமர் என்று ஒருவர், ஒரு மாநிலத்தின் பிரதிநிதி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சண்டைக் காலம் முழுவதும் மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்தி, தானே முத்திரை செய்து பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்தவர். புதிய சான்றிதழில் மத்திய அரசின் முத்திரை மேலே, மாநிலத்தினது கீழே. “அரசாங்கமே இல்லாத காலத்திலை அந்த முத்திரை இருந்தது. அது கீழையோ?” என்று கேட்டார். பதில் வருமுன் கடைசிப் பக்கத்தை இரண்டாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் சொன்ன மேலதிகப் பிரதியை எடுத்து மேசையில் வைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

தலைமை தாங்கிய அம்மையார் என்னைப் பார்த்து, “நாங்கள் கிழிப்பம் எண்டு முதலே நினைச்சு வைச்சிருந்தனியோ?” என்று இத்தாலிய மொழியில் கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. மறைக்கத் தெரியவில்லை. உங்களைப் பற்றி, தாத்தாவின் முதுகைப் பற்றி, கிழிந்தவற்றைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அம்மையார் அந்தப் பிரதியை என்னிடமே திருப்பித் தந்தார். “ஓமர் வராமல் போடுற கையெழுத்து என்னத்துக்கு? இருப்பம்” என்றார்.

மத்தியிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் எல்லோரும் மாலைவரை அப்படியே இருந்தார்கள். ஓமர் வரவில்லை. நாளையும் இருக்கப் போகிறார்களாம். என்னை இனி வைத்திருப்பார்களோ தெரியாது.

கேசிகா

*

பலேர்மோ
23.10.2024

பிள்ளை,

பிழை உன்னுடையது இல்லை, நான் சொல்லித் தந்தது. அந்த அம்மையாரிடம் அப்படியே சொல்லிவிடு.

ஒரு ஆளுக்காக எல்லோரும் காத்திருக்கிறார்களா? உண்மையாகவா? எங்களுக்காக ஒருவரும் அரை நாள்கூட இருந்ததில்லை. இன்றைக்கு வேலையில் ஒரே அறையை இரண்டு தரம் துடைத்தேன்.

அவர் வந்தாரா? உடனே எழுது.

அப்பா

*

மொகடிசு
24.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்தார்!

இரண்டாம் நாளும் எல்லோரும் இருந்தார்கள். சிலர் கதிரையிலேயே தூங்கிவிட்டார்கள். இன்று காலை பத்து மணிக்குக் கதவு திறந்தது. அதே சட்டை. பையிலிருந்து கிழிந்த பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். நடுவில் ஒட்டுநாடா, அதுதான் ரேப், ஒட்டியிருந்தது. கொஞ்சம் கோணல், ஒரு வரி சரியாகப் பொருந்தவில்லை.

இரண்டு முத்திரைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று அம்மையார் எழுதி வைத்திருந்தார். அதை வாசித்துத் தலையாட்டினார் ஓமர். புதிதாக அச்சடித்துத் தருகிறேன் என்று நான் எழும்பினேன். “வேண்டாம். நான் கிழிச்சது, நான்தான் ஒட்டினனான். இதிலைதான் போடுவன்” என்றார். எல்லோரும் ஒட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போயிற்று.

போகும்போது ஓமர் என்னிடம் வந்தார். நான் சொன்ன கதையை யாரோ அவரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். “இதைப் படம் எடுத்து உன்ர தகப்பனுக்கு அனுப்பு. கிழிஞ்சது ஒட்டும் எண்டு சொல்லு” என்றார்.

படம் இத்துடன் இருக்கிறது. என்னைப் போகச் சொல்லவில்லை. இன்னும் ‘ஓம்’ ஒன்றுக்குத்தான் காத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
கேசிகா

*

பலேர்மோ
27.10.2024

என் அன்பு மகள் கேசிகாவுக்கு,

படத்தைத் தாளில் அச்செடுத்துப் பல்லாரோ சந்தைக்குக் கொண்டுபோய் மகேந்திரராசாவிடம் காட்டினேன். “இது கணினியிலை செய்த கள்ள வேலை” என்றான். கண்ணாடியைப் போட்டுப் பார் என்றேன். போட்டுப் பார்த்தான், கழற்றித் துடைத்தான், திரும்பப் பார்த்தான். பிறகு தன் போனுக்கும் அனுப்பச் சொன்னான்.

அறுபது வயதில் முதல்தடவையாக இப்படியொன்றைக் கண்டேன். பொருந்தாத அந்த வரியைத்தான் கூடுதலாகப் பார்க்கிறேன். என் அப்பா இருந்திருந்தால், வேறென்ன சொல்ல, அழுதிருப்பார். நான் அழுதேன்.

அத்தனை பேருக்கு முன்னால் கிழித்தவரே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் முன்னால் சொன்ன சொல்லை மாற்ற நான் என்ன அவரை விடப் பெரிய மனிதனா?

இன்று மாலை ஐந்து மணிக்கு அம்மாவின் போனிலிருந்து அழைப்பு வரும். எடுத்ததும் ‘அம்மா’ என்று சொல்லாதே. நான்தான் இருப்பேன். ‘ஓம்’ என்று மட்டும் சொல்லுவேன். அதற்கு மேல் எனக்குக் கதைக்க வராது, நீ கதை.

இனி மேலதிகப் பிரதி எடுத்து வைக்காதே பிள்ளை. மேசையில் ஒரு ரேப் வைத்திரு.

அப்பா