போகியில் போன கிளை

அன்பு மக லோஷினிக்கு அம்மா எழுதறேன்.

மாரியாத்தா புண்ணியத்துல இங்க மூவார்ல நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், அங்க ஹாலந்து குளிர்ல நீ எப்படி இருக்கியோ, காதக் கட்டிக்கிட்டு வெளிய போ. மொளகாத்தூள், முறுக்கோட இந்தக் காகிதத்தயும் பார்சல்ல வைக்கிறேன், போன்ல பேச வந்தாத்தான் லேப்புக்குப் போகணும்மான்னு நீ வச்சிடறியே.

செம்பருத்தி விஷயம்தான். தீபாவளிக்கு வந்தப்ப நீ சொன்னது அத்தனையும் ஞாபகம் இருக்கு, மொட்டுக்குள்ள வட்டம் வட்டமா இடம் இருக்கு, எந்த வட்டம் இதழாகணும், எது மகரந்தக் காம்பாகணும்னு ஜீன்தான் உத்தரவு போடும், நம்ம செடியில அந்த ஒரு கிளையில மட்டும் ஒரு ஜீன் வேல செய்யாம, காம்பு வர வேண்டிய எடத்துலயும் இதழே வந்து அடுக்கடுக்கா பூக்குதுன்னு. மத்த பூவோட மகரந்தத்தத் தடவி, வலைத்துணி கட்டி, காய் காஞ்சு வெடிக்கிற வரைக்கும் தொட்டுடாதீங்க, அந்த விதைதான் எனக்கு வேணும்னு சொல்லிட்டுப் போன. எங்கிட்டதான் சொன்ன. பாவி நான் அப்பா காதுல போடல. போகி அன்னிக்கு வாசலச் சுத்தம் பண்ணவரு, பொங்கலும் அதுவுமா காஞ்ச காய் கேட் பக்கம் ஏன் தொங்கணும்னு கிளையோட வெட்டி, பழைய பாயோட டிரம்ல போட்டுக் கொளுத்திட்டாரு. நான் அடுப்படியில இருந்தேன், பாய்தான் எரியுதுன்னு நெனச்சேன்.

போன்ல விஷயத்தச் சொன்னதும் நீ கோவப்பட்டது நியாயம். ஆனா அப்பாவுக்கு என் படிப்பும் குப்பதான்னு சொன்னியே, போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சுடி. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு. மறுநாள் பேக்டரிக்கு எமர்ஜென்சி லீவு சொல்லிட்டு பத்து பகாட் டவுன் வரைக்கும் போயி, நர்சரி நர்சரியா அலைஞ்சு அடுக்குச் செம்பருத்தியா வாங்கிட்டு வந்து வரிசையா வச்சிருக்காரு, ரோஸு, மஞ்ச, வெள்ளை. ஐயோ அலமாக், வாசல்ல கால் வைக்க எடமில்ல. இதெல்லாம் அது ஆகாதுங்க, அந்தக் கிளை வேறன்னு சொன்னேன். ஒனக்குத் தெரியும், எனக்கு யாரு சொன்னான்னு கேட்டாரு. அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆச்சு, இன்னிக்கு வரைக்கும் மனசு ஆறல.

வெட்டின எடத்துக்குக் கீழ துளிர் விட்டு, பூத்தும் போச்சு, எல்லாம் ஒத்த அடுக்குதான். அந்தப் பூ இனி வராதுன்னு எனக்குப் புரியுது. அவருதான் தினம் வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னால மொட்டப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறாரு.

நேரத்துக்குச் சாப்பிடு, எடுத்த படிப்ப நல்லபடியா முடி, எந்தக் கொறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும். பார்சல் கெடைச்சதும் எனக்கு மெசேஜ் போடாத. அப்பா நம்பருக்குக் கூப்பிட்டு, வந்துச்சுப்பான்னு சொல்லு.

இப்படிக்கு
உன் அம்மா
யோகேஸ்வரி