கை நனைத்தவரின் வாக்கு

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லாமல் இரண்டு வருடம் போய்விட்டது. ஆற்றுக்கு இக்கரையில், லொங்குய்யில், நீங்கள் கடைசியாக இருந்த அந்த பேஸ்மென்ட் வீட்டில்தான் நானும் மகள் சுகந்தியும் இன்னும் இருக்கிறோம்.

போன சனிக்கிழமை மெட்ரோ பிடித்து, கால்வாய்க் கரையில் இருக்கும் எங்கள் பழைய தெருவுக்குப் போனோம். இரும்பாலைத் தொழிலாளருக்கென்று அந்தக் காலத்தில் கட்டிய செங்கல் வீடுகள் எல்லாம் இப்போது புது மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன. நாங்கள் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டுச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு. அதிலிருந்த பிரெஞ்சைச் சுகந்தி வாசித்துச் சொன்னாள்.

"இஞ்ச கஷ்டப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் இருந்ததாம், அம்மா."

அப்போ நாங்கள் அங்கே விருந்துக்கா போயிருந்தோம்? துறைமுகக் கிடங்கில் நாளெல்லாம் பெட்டி தூக்கிவிட்டு வந்து, தலை இடிக்கும் என்று குனிந்து குனிந்து அந்தப் படியேறினீர்களே, நீங்கள் யார்? ஜன்னலால் வந்த குளிருக்கு வருடா வருடம் பிளாஸ்டிக் ஒட்டியது யார்? பழைய தொழிலாளிக்குத் தகடு, புதுத் தொழிலாளிக்குத் தெரு. நல்ல நியாயம்.

வீட்டுக்காரர் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. என் கையால் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார். "திருத்த வேலை முடிந்ததும் நீங்களே திரும்பி வரலாம்" என்று எனக்கும் விளங்குகிற இங்கிலீசில் சொல்லி உங்கள் தோளைத் தட்டினார். பிறகு ஒரு தாளை நீட்டினார்.

"பிள்ளை ரியூஷனால வரட்டுமப்பா. வாசிச்சுப் போட்டுக் கையெழுத்து வையுங்கோ" என்றேன்.

"எங்கட வீட்டில கை நனைச்ச மனிசனை வைச்சுக்கொண்டு கடுதாசி வாசிக்கிறதே? மரியாதை இல்லை" என்றீர்கள்.

மரியாதை! வீட்டை நாங்களாகவே விட்டுப் போகிறோம் என்று, நீங்கள் கையெழுத்து வைத்த அந்தத் தாளில் இருந்ததைச் சுகந்தி வந்துதான் வாசித்துச் சொன்னாள். திரும்பி வருவது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன் பிறகு நீங்கள் அவருக்கு எத்தனை தரம் போன் எடுத்தீர்கள்? ஒரு தரமாவது எடுத்துப் பேசினாரா?

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து என்ன கேட்டீர்கள்? "ஆரும் கேட்டா, நாங்களா விட்டிட்டு வந்தனாங்கள் எண்டு சொல்லு. நான் ஏமாந்தனான் எண்டு சொல்லிப் போடாதை." நானும் தலையாட்டினேன். கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம், அந்த வீடு எங்களுக்குச் சின்னதாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே பொய் சொன்னேன்.

இப்போது பழைய தெருவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பிரெஞ்சுக்கார மதாமுக்கும் அதே கதை. அவருடைய தகப்பன் அந்த இரும்பாலையில் ஆணி செய்தவர். மதாமும் வீட்டுக்காரருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து, அதே வாக்கை நம்பிக் கையெழுத்து வைத்துவிட்டார். ஆனால் அவர் வழக்குப் போட்டிருக்கிறார். அப்படி ஒரு வாக்கு கொடுக்கவே இல்லை என்கிறாராம் வீட்டுக்காரர். அதே வாய் அதே வாக்கை எங்களுக்கும் கொடுத்தது என்று சொல்ல, உலகத்தில் என்னை விட்டால் ஆளில்லை.

"அப்பான்ர மானம் போயிடுமெண்டு பயப்பிடுறீங்களோ?" என்று சுகந்தி கேட்டாள். ஓம் என்றேன். மூன்று நாளாக அதையே யோசித்தேன். உங்கள் மானம் என்று எதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்? அந்த மனிதனின் களவைத்தானே? நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தானே அவர் துணிந்து அடுத்த கதவைத் தட்டினார்? உங்கள் மேலும் எனக்குக் கோபம், என் மேலும் கோபம்.

செவ்வாய்க்கிழமை வழக்கு. சுகந்தி பக்கத்தில் நின்று நான் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்லுவாள். என் மனிசன் ஏமாற்றப்பட்டார் என்று, உங்கள் முழுப் பெயரையும் சொல்லி, அந்த மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். இது சத்தியம்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைக்கப் போகிற,
உங்கள் மனைவி,
சுகந்தியின் அம்மா