வண்டி தூங்கும்வரை

கரண்ட் அளக்கும் உங்கள் மஞ்சள் மீட்டர் எங்கே போயிற்று என்று இன்று காலை தெரிந்துவிட்டது. எட்டு மாதமாகத் தேடுகிறேன். அலமாரி, பரண், கட்டிலுக்கடி, நீங்கள் திருகாணி போட்டு வைக்கும் பிஸ்கட் டின் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. அது மேல்மாடியில், மிதாலி பௌதி வீட்டில் இருந்திருக்கிறது. சிவப்பு ஒயரில் நீங்கள் சுற்றிய கறுப்பு டேப்கூட அப்படியே இருக்கிறது. அதை அவள் கையில் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் இனிப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நன்றாகவே எரிந்தது.

விஷயத்தைச் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சிரிக்க வேண்டாம். டாலிகஞ்ச் வீட்டிலிருந்து லேக் மார்க்கெட் போய், முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு, யார் தயவும் இல்லாமல் திரும்பி வருகிறேன். ஆனால் ஒரு மாதமாக வண்டி என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. சாயங்காலம் நன்றாக இருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும்தான் வரும். முனைக்கடை மெக்கானிக் பேட்டரி பழசு என்றான். புதிது போட்டேன். பழையது ஒரே ராத்திரியில் இறங்கியது, புதியது மூன்று ராத்திரி தாங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது வண்டியே பழசு என்கிறான்.

பெங்களூரிலிருந்து நம் கவிதா தினமும் போன். "அம்மா, பேசாம வித்துரு. இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா நானே ஆள் பாக்கேன்." அவள் பாடு அவளுக்கு. பத்து வருடம் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த வண்டி. அதை இன்னொருத்தி உட்காரக் கொடுக்க எனக்கு மனசில்லை.

இன்னொருத்தி என்றதும் அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. போன வருடக் குளிரில் பௌதியின் காருக்கும் இதே வியாதி. கட்டடமே அவளைப் பௌதி என்றுதான் கூப்பிடும், வங்காளத்தில் அண்ணி என்று அர்த்தம். அதனால் எனக்கு ஆறுதல் ஒன்றுமில்லை. அவள் கணவருக்கு சிலிகுரியில் வேலை. இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு, மங்கி குல்லாயை மாட்டிக்கொண்டு, மீட்டரோடு நீங்கள் இறங்கிவிடுவீர்கள். நம் வீட்டுக் குழாய் இரண்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது, அதற்கு உங்களுக்கு நேரம் இல்லை.

பால்கனியில் நின்று பார்ப்பேன். பானெட் திறந்திருக்கும். சரி, வேலை நடக்கிறது என்று நினைத்தால், நீங்கள் இரண்டு பேரும் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பீர்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி நேரம். பொறுக்க முடியாமல் போன் போடுவேன்.

"அங்க என்ன பண்ணுதீங்க?"

"வண்டி தூங்கணும்லா. அதுக்குத்தான் காத்துட்டு இருக்கோம்."

வண்டி தூங்குமாம். முப்பது வருடக் குடித்தனத்தில் இவ்வளவு மட்டமான பொய்யை நான் கேட்டதில்லை. மூன்று ஞாயிறும் மத்தியானம் உங்களுக்கு ஆறிப்போன உப்புமாதான் கிடைத்தது. ஏன் என்று நீங்கள் கேட்கவும் இல்லை. மூன்றாவது வாரம், அவள் மகன் மாட்டிய பாட்டுப் பெட்டிதான் பேட்டரியைத் தின்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, பெரிய சாதனை செய்தவர் மாதிரி மேலே வந்தீர்கள்.

இன்று காலை நான் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்த சத்தம் கேட்டுப் பௌதி இறங்கி வந்தாள், உங்கள் மீட்டரோடு. "தாதா என்கிட்ட விட்டுட்டுப் போனது. எடுத்துட்டு வந்து கொடுக்கத் தைரியம் வரல தீதி," என்றாள். நீங்கள் அவளுக்குத் தாதா, அண்ணன்; நான் தீதி, அக்கா. அவள் சொன்னது வங்காளத்தில். நம் சண்டை எப்போதும் தமிழில்தானே, அதனால் தமிழில் எழுதுகிறேன்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வைத்தோம். அதன் பிறகு எல்லாவற்றையும் அவளே செய்தாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்து, பூட்டின் கொக்கியை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினாள். கதவு சாத்தியிருக்கிறது என்று வண்டி நம்பிக்கொள்ளுமாம். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை மாட்டினாள். நான் எண்ணைப் பார்க்க எட்டினேன்.

"பொறு, பொறு," என்றாள்.

தமிழில் சொன்னாள். அதுவும் உங்கள் இழுப்பிலேயே, இரண்டு தரம். எனக்குப் பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. மீட்டரைக் கொடுத்தீர்கள், வித்தையைக் கொடுத்தீர்கள், சரி. அந்த வார்த்தையையும் கொடுக்க வேண்டுமா?

"வண்டி தூங்கணும் தீதி. உள்ள இருக்கிற சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் எல்லாம் அடங்க அரை மணி நேரம் ஆகும். அப்புறம்தான் யார் தூங்காம கரண்டைத் தின்கிறாங்கன்னு தெரியும்."

ஆக, அது பொய்யில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்தோம், அவள் உங்கள் இடத்தில், நான் என் இடத்தில். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"இந்த அரை மணி நேரம் ரெண்டு பேரும் என்ன பேசுவீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "தாதா எங்க பேசுவார்? பால்கனியைப் பார்த்துட்டே இருப்பார். 'அதோ நிக்கிறா, அஞ்சு நிமிஷத்துல போன் வரும் பாருங்க'ன்னு சொல்வார். வந்துரும். அதுக்கப்புறம் அவரால சிரிப்பை அடக்கவே முடியாது."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தெரிந்தேதான் செய்தீர்களா? நான் அங்கே நின்று வெந்துகொண்டிருந்தது உங்களுக்கு அத்தனை வேடிக்கையா? தலையைத் தூக்கி நம் பால்கனியைப் பார்த்தேன். கொடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, என் போன் அடிக்கவில்லை.

அரை மணி கழித்து மீட்டர் நானூறு மில்லி ஆம்பியர் காட்டியது. ஐம்பதுக்குள் இருக்க வேண்டுமாம். பௌதி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவ, நான் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆறாவதை உருவியதும் சடாரென்று முப்பதுக்கு இறங்கியது. உள்விளக்குகளின் ஃபியூஸ் அது. திரும்பச் செருகினாள், மறுபடி நானூறு. கூரை விளக்கு எரியவில்லை, டிக்கி விளக்கும் எரியவில்லை. "டாஷ்போர்டு பெட்டிக்குள்ள விளக்கு இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்று அந்த நொடியில்தான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். மாடியில் உங்கள் அக்கா, தம்பி, சித்தப்பா பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று உங்கள் கைக்கடிகாரத்தை ஒருவர், சால்வையை ஒருவர் ஏற்கெனவே கேட்டாயிற்று. இதையாவது யார் கண்ணிலும் காட்டக்கூடாது என்று கண்ணாடிக் கூடு, சீப்பு, துறைமுக ஆபீஸ் அடையாள அட்டை, குல்லா எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் திணித்து, மூடியை முழங்காலால் அமுக்கிவிட்டுத்தான் படியேறினேன். அதன் பிறகு திறக்கவே இல்லை. மூடி சாத்தினாற்போல் தெரிந்தாலும் ஓரத்தில் ஒரு விரற்கடை விலகி இருந்திருக்கிறது. விளக்கை அணைக்கும் பொத்தான் அமுங்கவே இல்லை. யாருக்கும் பங்கு கொடுக்கக்கூடாது என்று நான் ஒளித்து வைத்தவற்றின் மேல் எட்டு மாதமாக விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நான் ஓட்டிய ஓட்டத்தில் பழைய பேட்டரி இத்தனை நாள் ஈடுகொடுத்ததே பெரிது.

வண்டியை விற்கவில்லை என்று கவிதாவிடம் சொல்லிவிட்டேன். மீட்டரைப் பௌதியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். போகவில்லை. நீங்கள் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். நீங்கள் பார்த்துச் சிரித்த சாமான் அது.

இன்று பெட்டியைத் திறந்ததும் குல்லாதான் முதலில் கைக்கு வந்தது. விளக்கை ஒட்டியே கிடந்ததால் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் நீங்கள் தலையிலிருந்து கழற்றிக் கொடுத்த மாதிரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு பௌதியும் கையை நீட்டினாள்.

"பொறு," என்றேன்.

குல்லாயை இரண்டு கையாலும் மடியில் பொத்தி வைத்துக்கொண்டேன். அவள் காத்திருந்தாள். நன்றாக ஆறிய பிறகுதான் கொடுத்தேன்.