பெல்லோவுக்குக் கூட்டம் சேரவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

கெர்ரின் எழுதுகிறேன். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? பாத்தர்ஸ்டில் குளிர் விட்டதா?

ஒரு நல்ல சேதி. நம் ஊர் மலைமேல் நீங்கள் வருடாவருடம் கூடாரம் போட்டுக் கார் பந்தயம் பார்த்த இடத்தைப் பணக்கார விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, "பெரியவரே, அதான் வீட்டுல டிவி இருக்கே" என்று உங்களைத் துரத்தினானே பந்தயம் நடத்தும் பெல்லோ, அவன் எங்கள் சுரங்க முகாமுக்கு வந்தான். ரசிகர்கள் குறைந்துவிட்டார்களாம். பந்தயக் காரைக் காட்டி எங்களை இழுக்கப் பார்த்தான்.

முந்தின நாளே சாப்பாட்டுக் கூடத்தில் உங்கள் கதையைச் சொல்லிவிட்டேன். ஃபோர்டு காரா ஹோல்டன் காரா என்று ஒரு காலத்தில் அடித்துக்கொண்ட ஆட்கள்தான்.

"ஹோல்டன் கம்பெனியையே மூடியாச்சு. இப்ப பந்தயத்துல ஓடுற காரெல்லாம் உள்ள ஒண்ணு, மேல சட்டைதான் வேற. இதுக்குக் கை வேற தட்டணுமா?" என்றான் என்னோடு வேலை செய்யும் டாரில்.

மறுநாள் எல்லோரும் பழைய வண்டிகளோடு செம்மண் பொட்டலில் பந்தயம் விடப் போய்விட்டார்கள். நான் மட்டும் பெல்லோவைப் பார்க்கப் போனேன். நாற்காலிகள் காலி.

"என்னம்மா, ஒருத்தரையும் காணோம்?"

"அதான் வீட்டுல டிவி இருக்கே."

அவனுக்கு உங்களை நினைவே இல்லை, அப்பா. விடுவேனா? நாற்காலிகளை அவன் மடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, உங்களுக்கு அவன் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். இங்கே வாங்குவது உடனே ஓட்டையாகிறது. ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. பந்தய ஞாயிறன்று போன் செய்யுங்கள். நாம் இரண்டு பேரும் அதைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கெர்ரின்